காவிரியின் 10 டிஎம்சி சுற்றுச்சூழல் நீர்: பங்கீட்டு விதியில் எப்படி எழுதினால் ஆற்றில் ஓடும்?

வரப்போரம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். டெல்டா விவசாயிகளும் உள்நாட்டு மீனவர்களும் சேர்ந்து காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு அனுப்பப் போகிறார்கள். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

2007 இறுதித் தீர்ப்பில் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் (1 டிஎம்சி = 100 கோடி கனஅடி) பிரித்தபோது சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சியையும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது என 4 டிஎம்சியையும் தனியே வைத்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75 என்று திருத்தியது. கேரளத்தின் 30, புதுச்சேரியின் 7, இந்த 10, 4 எதுவும் மாறவில்லை. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வர வேண்டும். அதில் சூழல் கணக்கான 10 டிஎம்சி, பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 வீதம் வர வேண்டும்.

கேட்க நினைப்பவை இவை. இந்த 10 டிஎம்சி ஆற்றுக்குப் போதுமா, போதாது என்றால் எவ்வளவு, அதை எப்படிக் கணக்கிடுவது? மேட்டூருக்குக் கீழே எந்த இடத்தில் எத்தனை கனஅடி கேட்க வேண்டும்? பற்றாக்குறை ஆண்டில் இந்தப் பங்கிலும் வெட்டு விழலாமா? விவசாயிகள் தரப்பில் "மீனுக்குத் தண்ணீர் என்று சொல்லி சம்பாவைக் காயவிடுவார்கள்" என்ற பயம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அதற்கும் கணக்கோடு பதில் வேண்டும். "ஆறு தாய்" மாதிரியான வாசகங்கள் எங்களிடமே நிறைய இருக்கின்றன, எண்கள்தான் இல்லை.

நீரளவி

முதலில் அலகை மாற்றிவிடுங்கள். டிஎம்சி என்பது தேக்கி வைத்திருக்கும் நீரின் அளவு. ஓடும் நீரை விநாடிக்கு இத்தனை கனஅடி என்றுதான் சொல்ல வேண்டும். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. விநாடிக்கு 1,000 கனஅடி வீதம் ஒரு நாள் ஓடினால் 0.0864 டிஎம்சி. அப்படிப் பார்த்தால் மாதம் 2.5 டிஎம்சி என்பது 30 நாளும் சீராக வந்தால் விநாடிக்குச் சுமார் 965 கனஅடி, அதாவது 27 கனமீட்டர் சொச்சம். ஆனால் உத்தரவில் மாத மொத்தம் மட்டும் இருந்தால் 20 நாள் ஒன்றும் வராமல் கடைசி 10 நாளில் மொத்தமாக வந்தாலும் கணக்கு நேராகிவிடும். கணக்குதான் நேராகும், மீன் அந்த 20 நாளிலேயே செத்திருக்கும்.

அடுத்தது இடம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பிலிகுண்டுலு அளவை நிலையம் மேட்டூருக்கு மேலே இருக்கிறது. அங்கே 965 கனஅடி வந்தால் ஒகேனக்கல் பகுதிக்கு உயிர் வரும், சரி. அதற்குக் கீழே அந்தத் தண்ணீர் 93.47 டிஎம்சி கொள்ளளவுள்ள மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் போய் மற்ற தண்ணீரோடு கலந்து நின்றுவிடுகிறது. அணைக்குக் கீழே சூழலுக்கென்று தனி மாத அட்டவணை கிடையாது. மேட்டூரிலிருந்து கடல்வரை உள்ள ஆற்றைப் பொறுத்தவரை அந்த 10 டிஎம்சி காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் குறிப்பு தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 10ஐ 20 ஆக்கச் சொல்லிக் கேட்பதைவிட, இருக்கிற 10 எந்த இடத்தில் எந்த நாளில் எத்தனை கனஅடியாக ஓட வேண்டும் என்று எழுத வைப்பது பெரிய வெற்றி.

போதுமா என்று கேட்டீர்கள். 740இல் 10 என்பது 1.35 சதவீதம். 1976இல் வந்த டென்னன்ட் முறை ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதத்தை மீன்கள் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும் கீழ்வரம்பாகவும், 30 சதவீதத்தை ஓரளவு நல்ல வாழிடமாகவும் வைக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு 74 டிஎம்சி வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். முதல் கூட்டத்திலேயே குறிப்பை மூடி வைத்துவிடுவார்கள், காரணமும் இருக்கிறது. ஜூன் முதல் ஜனவரி வரை பாசனத்துக்காக மேட்டூரில் திறக்கும் நீர் முக்கொம்பு, கல்லணை வரை ஆற்றிலேயேதான் ஓடுகிறது. அந்த மாதங்களில் அந்தப் பகுதிக்குச் சராசரி அளவில் குறை பெரிதில்லை. உண்மையான குறை இரண்டு இடத்தில். ஒன்று, பிப்ரவரி முதல், பாசனத்துக்கு அணை திறக்கும் ஜூன் 12 வரை மேட்டூருக்குக் கீழே. இரண்டு, வெள்ளம் இல்லாத நாட்களில் கீழணைக்குக் கீழே கடல்வரை உள்ள கொள்ளிடம். கோரிக்கையை இந்த இரண்டுக்கும் சுருக்குங்கள்.

கணக்கிடும்போது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மேட்டூர் அணை 1934இல் வந்தது. அதற்குப் பிந்தைய அளவீட்டை அப்படியே எடுத்தால், ஏற்கெனவே தடுக்கப்பட்ட ஆற்றையே இயற்கையான ஆறு என்று எடுத்துக்கொண்டதாக ஆகும். அளந்த ஓட்டத்தோடு மேலே திருப்பிய நீர், அணைகளில் கூடிய சேமிப்பு, ஆவியானது இவற்றைக் கூட்டி, வயலிலிருந்து திரும்பி வந்த கசிவுநீரைக் கழித்து, இயற்கை ஓட்டத்தை மீட்டெடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சதவீதம். அதுவும் மாதச் சராசரியில் வேண்டாம். தினசரி எண்களை இறங்குவரிசையில் அடுக்கி, 90 சதவீத நாட்களிலும் 95 சதவீத நாட்களிலும் குறைந்தது எவ்வளவு ஓடியது என்று பாருங்கள். கோடையில் காவிரி இயற்கையாகவே மெலிந்த ஆறுதான். ஆண்டு முழுக்க ஒரே அளவு வேண்டும் என்பதும் அறிவியல் ஆகாது.

கயல்

நீரளவி சொன்னது வரலாற்று ஓட்டத்தை வைத்துப் போடும் கணக்கு. அதோடு நிறுத்தாமல் ஆற்றுக்குள் இறங்கி ஒரு குறுக்குவெட்டாவது அளந்து பாருங்கள். ஆணையத்தின் முன்னால் அது தனி வலு.

ஆற்றில் எங்கே முதலில் தண்ணீர் அறுந்துபோகிறதோ அங்கே அளக்க வேண்டும். மடுவில் அளந்து பயனில்லை, மடு கடைசிவரை நிறைந்துதான் இருக்கும். இரண்டு மடுவுக்கு நடுவில் சரளையும் பாறையுமாக ஆழமில்லாமல் அகன்று கிடக்கும் இடம்தான் கழுத்து. அங்கே கரைக்குக் கரை கயிறு கட்டி, ஒன்றிரண்டு மீட்டருக்கு ஒரு தரம் ஆழம் எடுத்து, நீளவாக்கில் மட்டக்கருவி வைத்துச் சரிவும் எடுங்கள். பிறகு மானிங் சமன்பாடு: வேகம் = (1 ÷ சொரசொரப்பு எண்) × (நீரியல் ஆரம்)^(2/3) × (சரிவு)^(1/2). அகன்ற ஆற்றில் நீரியல் ஆரத்துக்கு (ஓடும் நீரின் குறுக்குப்பரப்பு ÷ நனைந்த சுற்றளவு) பதில் சராசரி ஆழத்தைப் போட்டால் பெரிய பிழை வராது.

மாதிரிக்கு ஒரு கணக்கு. கழுத்து 80 மீட்டர் அகலம், சொரசொரப்பு 0.04, சரிவு 0.0005 என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆழம் 30 செ.மீ. என்றால் வேகம் விநாடிக்கு 0.25 மீட்டர், ஓட்டம் 6 கனமீட்டர், அதாவது 212 கனஅடி. ஆழத்தை 50 செ.மீ. ஆக்க வேண்டும் என்றால் 14 கனமீட்டர், ஏறத்தாழ 500 கனஅடி. ஆழம் 20 செ.மீ. கூடுவதற்கே இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் கேட்கிறது பாருங்கள். ஐந்தாறு ஆழத்துக்கு இப்படிப் போட்டு, ஓட்டம் கூடக் கூட நனையும் படுகை எவ்வளவு கூடுகிறது என்று கோடு வரையுங்கள். முதலில் கிடுகிடுவென ஏறும், ஒரு இடத்தில் மடங்கிப் படுக்கும். அந்த மடிப்புக்குக் கீழே குறைகிற ஒவ்வொரு கனஅடிக்கும் படுகை வேகமாகக் காய்ந்துபோகிறது. அந்த மடிப்புதான் நீங்கள் கேட்க வேண்டிய கீழ்வரம்பு.

மீன் கடப்பதற்கும் ஒரு சோதனை உண்டு. தேவையான ஆழம் கழுத்தின் மொத்த அகலத்தில் கால் பங்குக்காவது இருக்க வேண்டும், மொத்த அகலத்தில் பத்தில் ஒரு பங்காவது இடையில் அறுபடாமல் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆழத்தை மீனின் உடல் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துத் தொடங்கலாம். கெண்டைக்கும் கெளுத்திக்கும் இது எளிது. காவிரி வடிநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மகசீருக்கு எளிதல்ல, அது 50 கிலோவைத் தாண்டி வளரும் மீன். 2018இல் அதை மிக அருகிய இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் சேர்த்தார்கள். மழைக்காலத்தில் ஏறுதண்ணீரைப் பிடித்து மேலே போய்ச் சரளையில் முட்டையிடும். அதற்குக் கோடையின் 965 கனஅடி மட்டும் போதாது, முதல் மழையில் ஆறு பொங்குவது தேவை. மேலே உள்ள அணைகள் அந்த முதல் பெருக்கைத்தான் முழுசாக விழுங்குகின்றன. ஜூன் அட்டவணை 9.19 டிஎம்சி, ஜூலை 31.24. இதைச் சீராகப் பிரிக்காமல் ஜூன் பிற்பகுதியிலோ ஜூலை தொடக்கத்திலோ இரண்டு மூன்று நாள் ஏற்றிவிட்டு மெதுவாக இறக்கினால் கூடுதலாக ஒரு சொட்டும் வேண்டாம். எந்த மாநிலப் பங்கும் குறையாது. இதைக் குறிப்பில் கட்டாயம் சேருங்கள்.

இன்னொன்று, இறக்கும் வேகம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று வரிசையாகக் கதவணை மின்நிலையங்கள். மின் தேவைக்கு ஏற்றாற்போல ஓட்டம் ஏறி இறங்கினால், ஓரத்து ஆழமில்லாத நீரில் ஒதுங்கும் குஞ்சுகள் கரையில் மாட்டிச் சாகும். கதவணைக்குக் கீழே நீர்மட்டம் மணிக்கு 5 முதல் 10 செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது என்று தொடக்க வரம்பு வைத்து, இரண்டு பருவம் கவனித்துத் திருத்தலாம். பாசனம் முடிந்து மேட்டூரை அடைக்கும் ஜனவரி 28க்கும் இதே விதிதான். 8,000 கனஅடியிலிருந்து ஒரே மூச்சில் 1,000க்கு இறக்கினால் மீன் முழுக்கக் குட்டைகளில் தேங்கி, அடுத்த வாரமே வலைக்காரர்கள் அள்ளி முடித்துவிடுவார்கள். நாளுக்கு 20 சதவீதம் என்று இறக்கினால் 9 நாள் ஆகும்: 6,400, 5,120, 4,096 என்று போய் 1,074இல் நிற்கும். உடனே 1,000க்கு இறக்குவதைவிட இதற்கு 1.6 டிஎம்சி கூடுதல்.

ஓட்டம் சீராகவும் மெலிந்தும் இருந்தால் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் பெருகும். "மீன் இருக்கிறதே" என்று எடை போட்டுக் காட்டினால் ஏமாறாதீர்கள், எந்த மீன் என்று கேளுங்கள்.

கடைமடை

கயல் சொன்ன 9 நாள் இறக்கத்தை ஜனவரி 20க்கே தொடங்கச் சொல்லிவிடாதீர்கள். முன்பட்ட சம்பாவுக்கு அது சரிதான், அறுவடைக்கு 10, 15 நாள் முன்பே வயலை வடிக்க வேண்டும். ஆனால் குறுவைக்குப் பின் நட்ட தாளடி அப்போது பால் பிடிக்கும் நேரம். கடைமடையில் அதற்கு ஜனவரி முடியும்வரை தண்ணீர் வேண்டும், சில ஆண்டுகளில் பிப்ரவரியிலும் வேண்டும். 28க்குப் பிறகு இறக்கம் தொடங்கட்டும். அந்த 1.6 டிஎம்சியைப் பிப்ரவரிச் சூழல் கணக்கில் உள்ள 2.5இல் எழுதிக்கொள்ளுங்கள். அதே தண்ணீர் வழியில் தாளடிக்கும் உதவும். ஆனால் பிப்ரவரிக்கு மீதி 0.9 டிஎம்சிதான் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

விவசாயிகளின் பயத்துக்கு வருவோம். சூழல் நீர் மோதுவது நடப்புப் பயிரோடு அல்ல. பிப்ரவரி முதல் மே வரை டெல்டாவில் பெரிய அளவில் ஆற்றுப் பாய்ச்சல் கிடையாது. அது மோதுவது அடுத்த ஜூன் 12 திறப்போடு. மேட்டூரில் 90 முதல் 100 அடி மட்டத்தில் 10 டிஎம்சி என்பது ஏறத்தாழ 8 அடி. மே மாதக் கடைசியில் மட்டத்தைப் பார்த்து நாற்றங்காலுக்கு விதை எடுக்கும் குடும்பத்துக்கு அந்த 8 அடி சின்ன விஷயம் இல்லை. இதை மறைத்து எழுதினால் உங்கள் குழுவே உடையும்.

வழி இருக்கிறது. "பிலிகுண்டுலுவில் சூழல் கணக்கில் வந்த நீர், ஆவியானது போக, மேட்டூருக்குக் கீழே போக வேண்டும்" என்று எழுதுங்கள். வந்தது போகும், இருந்ததைத் தொட வேண்டாம். கோடையில் குடிநீருக்கென்று சில நூறு கனஅடியிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஏற்கெனவே திறக்கிறார்கள். 965 உள்ளே வந்து ஆயிரம் வெளியே போகிற நாளில் அணைக்குக் கூடுதல் சுமை எதுவும் இல்லை. பிரச்சினை அந்த ஆயிரம் எதுவரை ஓடுகிறது என்பதில்தான். கூட்டுக் குடிநீர்த் திட்ட உறிஞ்சுகிணறுகளும் கரையோர மோட்டார்களும் வழிநெடுக எடுத்து, கடைசி உறிஞ்சுகிணற்றைத் தாண்டி எதுவும் மிஞ்சாது. அதனால் "மேட்டூரில் இத்தனை திறப்பு" என்று எழுதினால் வீண். "முசிறியில் இத்தனை கனஅடிக்குக் குறையாமல்" என்று எழுதுங்கள்.

மணல் எடுத்த குழிகளும் கணக்கில் வர வேண்டும். காய்ந்த படுகையில் முதல் தண்ணீர் விட்டால் குழி நிரம்பி, மணல் குடித்து முடித்துத்தான் அடுத்த மைலுக்கு நகரும். விட்டு விட்டுத் திறந்தால் இந்த இழப்பை ஒவ்வொரு தடவையும் கட்ட வேண்டும். 15 நாள் 1,200, 15 நாள் ஒன்றுமில்லை என்பதைவிட 30 நாளும் 600 கனஅடி என்பதே ஈரத்தைக் காக்கும்.

சேமிப்புப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு நீர் விட்டால் 15 முதல் 30 சதவீதம் மிச்சம். 30 செ.மீ. குழாயில் துளை போட்டு, பாதியை மண்ணுக்குள் இறக்கி, குழாய்க்குள் நீர் தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே போனதும் வயலில் 5 செ.மீ. கட்ட வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காயவிடக் கூடாது. ஆனால் கடைமடையில் இது நடக்க வேண்டுமானால் முறை தவறாமல் தண்ணீர் வர வேண்டும். அடுத்த முறை வருமா என்ற சந்தேகம் இருக்கிற விவசாயி வரப்பு முட்ட நிறுத்தித்தான் வைப்பார். முதலில் லஸ்கரிடம் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) எழுத்தில் முறை அட்டவணை, மதகில் அளவுகோல். பிறகு குழாய். வரிசை மாறினால் நடக்காது.

அப்படிச் சேமித்ததை எல்லாம் சூழல் நீராக எழுதிவிடவும் முடியாது. வாய்க்காலுக்கு கான்கிரீட் போட்டு மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் தண்ணீரில் ஒரு பங்கு முன்பு நிலத்தடிக்கும் வடிகாலுக்கும் போய்க் கீழே இன்னொருவர் மோட்டாரில் ஏறிய தண்ணீர்தான். ஆவியாவதில் குறைந்தது மட்டுமே புது நீர்.

கழிமுகம்

முசிறியோடு நிறுத்திவிட்டீர்கள். கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

"கடலில் வீணாகக் கலக்கிறது" என்று ஒவ்வொரு வெள்ளத்துக்கும் செய்தி வரும். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கனஅடி போனது, முக்கொம்பில் மதகுகளே உடைந்தன. அந்தச் சில நாட்களைக் கூட்டிப் பார்த்தால் கழிமுகத்துக்கு நன்னீர் நிறையக் கிடைத்த மாதிரி தெரியும். ஆனால் அடுத்து வரும் கோடையில் கழிமுகத்தில் கடல்நீர்தான் இருக்கும். பிச்சாவரத்தில் சுரபுன்னையும் வெண்கண்டலும் சேர்ந்து இருக்கின்றன. நன்னீர் குறைந்து உப்பு ஏறினால் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் நிற்கும், சுரபுன்னை பின்வாங்கும். முத்துப்பேட்டையில் இப்போது பெரும்பாலும் வெண்கண்டல்தான். இறால் குஞ்சு கழிமுகத்துக்குள் வருவதும் இந்த உப்பு ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. மேலே உல்லம் மீன் ஏறியதெல்லாம் மேட்டூர் அணைக்கு முந்தைய கதை.

அதற்காகக் கோடையில் ஆற்றின் வழியே கடல்வரை நீர் விடுங்கள் என்று கேட்க வேண்டாம். கொலராடோ ஆற்றில் 2014இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஒத்துப்போய் மொரெலோஸ் அணையிலிருந்து சுமார் 13 கோடி கனமீட்டர் நீரை எட்டு வாரம் டெல்டாவுக்கு விட்டன. நம் கணக்கில் 4.6 டிஎம்சி, நமக்கு ஒதுக்கியதில் பாதிக்கும் குறைவு. கடலை ஒரு தடவை எட்டியது, ஆனால் பெரும்பங்கை மேற்பகுதி மணல் குடித்துவிட்டது. பாடம் கற்று, 2017 உடன்படிக்கைக்குப் பிறகு காய்ந்த படுகையைத் தவிர்த்துப் பாசன வாய்க்கால்கள் வழியாக மீட்பு நிலங்களுக்கே நேராக நீர் கொண்டுபோனார்கள். அதே ஏற்பாடு இங்கே எளிது. கீழணைவரை கொள்ளிடத்தில் பாசனத்துக்கும் வீராணத்துக்கும் நீர் வருகிறது. முத்துப்பேட்டைக்குப் பாமணியாறும் கோரையாறும் போய்ச் சேர்கின்றன. அக்டோபர் முதல் ஜனவரி வரை, மழை இடைவெளி விடும் வாரங்களில், கடைசி ஒழுங்கியை (நீரைத் தடுத்துத் திருப்பும் மதகு) தாண்டி ஐந்தாறு நாள் 300 கனஅடி விட்டால் 0.15 டிஎம்சி ஆகிறது. பருவத்துக்கு நான்கு தடவை விட்டாலும் 0.6தான். படுகை அப்போது ஏற்கெனவே நனைந்திருப்பதால் மணல் குடிப்பதும் குறைவு.

வேலை செய்கிறதா என்று பார்க்க, நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மானி ஒன்று போதும். பழையாறு முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு இடம், மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் அளவு, ஏற்றத்திலும் வற்றத்திலும் தனித்தனியாக. மேல்மட்டம் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். நன்னீர் மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் நாக்கை நீட்டிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்திருக்கும்.

வரப்போரம்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. பற்றாக்குறை விதி எப்படி எழுதுவது? சாய ஆலைக் கழிவு வரும் பகுதிக்குக் கூடுதல் நீர் கேட்கலாமா?

நீரளவி

கழிவு முதலில். கேட்கக் கூடாது. கழிவை நீர்த்துப்போகச் செய்யச் சூழல் நீரைக் கேட்டால், ஆலைக்கு இலவசமாகத் தண்ணீர் கொடுத்து சுத்திகரிப்புச் செலவை ஆற்றின் தலையில் கட்டுவதாக ஆகும். மீன்வாழ் நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்ற மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வரம்பைத் தனி நிபந்தனையாக எழுதுங்கள், ஓட்ட அளவோடு கலக்க வேண்டாம். அளப்பது விடியும் முன் இருக்க வேண்டும். பாசி உள்ள நீரில் பகல் அளவு எப்போதும் நன்றாகத்தான் தெரியும். ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மெனின்டி அருகே மீன்கள் கும்பல் கும்பலாகச் செத்தது ஓட்டமில்லாத தேக்கத்தில்தான். மேலே பாசி, அடியில் ஆக்சிஜன் இல்லாத நீர், திடீர்க் குளிரில் இரண்டும் கலந்துவிட்டன. நம் கதவணைத் தேக்கங்களிலும் கோடை முடிவில் அடிமட்ட ஆக்சிஜனைப் பார்ப்பது நல்லது.

பற்றாக்குறைக்கு இப்போதுள்ள ஏற்பாடு விகிதாசாரக் குறைப்பு. கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு வந்த நீரை 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் குறைவோ அத்தனை குறைப்பது. 40 சதவீதக் குறை என்றால் செப்டம்பரின் 36.76 டிஎம்சி 22.06 ஆகும். பயிருக்கு இது நியாயம், நடவுப் பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆற்றுக்கு அப்படிக் குறைத்துக்கொள்ள வழியில்லை. 2.5 டிஎம்சி 1.5 ஆனால் 965 கனஅடி 579 ஆகிறது. கயல் சொன்ன மடிப்பு 500இல் இருந்தால் தப்பிக்கும், 700இல் இருந்தால் கழுத்து காய்ந்து மடுக்கள் துண்டாகும். அதனால் இரண்டு அடுக்காக எழுதுங்கள். மடிப்பு அளவுவரை அடிப்படை ஓட்டம், அதில் எந்த ஆண்டும் வெட்டு கிடையாது. அதற்கு மேல் உள்ள சூழல் நீரும் ஜூலை ஏற்றமும் விகிதாசாரக் குறைப்புக்கு உட்படும், மிகக் கடுமையான ஆண்டில் ஏற்றத்தை விட்டுவிடலாம். மீன் ஒரு பருவம் முட்டையிடத் தவறினால் அடுத்த பருவம் உண்டு. ஆறு ஒரு கோடை அறுந்தால் முட்டையிட மீனே இருக்காது.

வாசக வடிவத்துக்கு, கங்கையில் குறைந்தபட்ச ஓட்டத்தை வகுத்த மத்திய அரசு அறிவிக்கை நல்ல முன்மாதிரி, 2018 அக்டோபரில் வந்தது. ஹரித்வாருக்கு மேலே முந்தைய 10 நாள் கண்ட ஓட்டத்தை ஒட்டி, நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று வைத்தார்கள். கீழே தடுப்பணைகளுக்கு நேரடி எண்: பீம்கோடாவில் மழையல்லாத காலத்தில் விநாடிக்கு 36 கனமீட்டர், மழைக்காலத்தில் 57. அதன் எண்களைக் காவிரிக்கு எடுத்து வராதீர்கள், பனி உருகி ஓடும் ஆறு அது. மேற்பகுதிக்குச் சதவீதம், அணைக்கட்டுகளுக்குக் கனஅடி என்ற அமைப்பை மட்டும் எடுங்கள். காவிரிக்கு ஊராட்சிக்கோட்டை, கொடுமுடி, முசிறி ஆகிய மூன்றிலும் மத்திய நீர் ஆணைய நிலையங்கள் உண்டு. கீழணைக்குக் கீழே ஒன்று புதிதாகக் கேட்க வேண்டும்.

அந்த நிலையங்களின் எண்ணை நம்புவதற்கு முன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: நீர்மட்டத்தை ஓட்டமாக மாற்றும் அளவுகோட்டுப் படம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற தேதி. மணல் போய்ப் படுகை இறங்கிய இடத்தில் முன்பு 600 கனஅடிக்கு நின்ற மட்டத்தில் இப்போது அதற்கு மேல் ஓடும், பழைய படம் அதைக் குறைத்துக் காட்டும். நேரெதிராக, கீழே புதிதாகத் தடுப்பணை கட்டியிருந்தால் நீர் தேங்கி மட்டம் உயர்ந்து ஓட்டம் கூடுதலாகத் தெரியும். கோடை ஓட்டத்துக்கு ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வேகமானி வைத்து நேரடியாக அளக்க வேண்டும். குறுக்குவெட்டில் 20 செங்குத்துக்கு (மேலிருந்து அடிவரை அளக்கும் கோடு) குறையாமல் எடுத்து, ஆழம் குறைந்த இடத்தில் மேலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒரு அளவு, ஆழமான இடத்தில் 0.2இலும் 0.8இலும் இரண்டு அளவு. எந்த ஒரு செங்குத்தின் வழியாகவும் மொத்த ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் இடையில் இன்னும் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இந்த அளவீட்டுத் தாளைப் பத்து நாளுக்கு ஒரு தரம் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதையும் கோரிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.